நெருப்புக்கு அடியில் ஒரு வெள்ளிக் காசு

ராஜா செத்தால் ஊருக்குத் துக்கம், கொன்றவருக்குப் பட்டம், எனக்கு வேலை. என் பெயர் பர்ஸீன். பார்ஸ் நாட்டில் எங்கள் ஊர் அக்கசாலையில் நாணயத்துக்கு அச்சு வெட்டுகிறவன். இரண்டு அச்சுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு போட்டால் ஒரு பக்கம் ராஜா விழுவார். மறுபக்கம் நெருப்புப் பீடமும், அதற்கு இருபுறமும் காவல் நிற்கிற இரண்டு பேரும் விழுவார்கள். அதுதான் ஒரு திரம், எங்கள் வெள்ளிக் காசு. சம்மட்டி பிடிக்கிறவன் தைரியசாலியாக இருக்கலாம். அச்சு வெட்டுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

அக்கசாலையில் ஒரு விதி உண்டு. மகுடம் தப்பினால் வலது கை போகும். இதை யாரும் சுவரில் பொறித்து வைக்கவில்லை. அதற்குப் பதிலாக வாசலில் நர்ஸேயை உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் அச்சு வெட்டியவர் அவர். மகுடத்துச் சிறகில் ஓர் இறகு கூடிவிட்டது. இப்போது இடது கையால் மாதுளம்பழம் விற்கிறார். இடத்துக்கு வாடகை வாங்குவதில்லை, அரசு கருணையுள்ளது. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் "இறகை எண்ணிட்டியா?" என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்கிறார். ஆனால் அதைக் கேட்டதும் என் கை உதறும், அந்த உதறுகிற கையோடுதான் இறகு வெட்டியாக வேண்டும்.

எங்கள் நாட்டில் ஒரு ராஜா வைத்த மகுடத்தை இன்னொரு ராஜா வைக்கக் கூடாது. ஒருவருக்குச் சிறகு, ஒருவருக்குப் பிறை, ஒருவருக்குக் கோட்டைச் சுவர் போலப் படிப்படியாய். காசில் இருப்பது யார் என்று மக்கள் மகுடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். தலைநகர் தீஸ்பூனிலிருந்து குதிரைக்காரன் மகுடத்தின் படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவான். முகத்தின் படம் இதுவரை வந்ததில்லை. ராஜாவின் முகத்தை நேரில் பார்க்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது, கேட்கிற துணிச்சலும் கிடையாது. அதனால் பயந்த நேரத்தில் என் மனசுக்கு எந்த முகம் வந்ததோ அதையே வெட்டினேன். அது என் மாமனாரின் முகம். நல்ல பெரிய மூக்கு.

பழைய பெரிய ராஜா இருந்தவரை வாழ்க்கை பரவாயில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே மகுடம். அவரை அவர் மகனே முடித்துவைத்தார். பிறகு அந்த மகனும் போனார். அதற்கப்புறம் சிம்மாசனம் சத்திரத்துக் கட்டில் மாதிரி ஆகிவிட்டது, படுத்தவர் உடம்புச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்தார்.

தீஸ்பூனில் மகுட நிர்ணயச் சபை என்று ஒன்று இருந்தது. புது ராஜாவுக்கு இதுவரை யாரும் வைக்காத மகுடம் எது என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. நாட்டில் பஞ்சம், கொள்ளைநோய், மேற்கே ரோமாபுரிக்காரனோடு பழைய பகை. சபை பிறைக்கு மேல் நட்சத்திரம் வைப்பதா, நட்சத்திரத்துக்கு மேல் பிறை வைப்பதா என்று கூடிக் கூடிக் கலைந்தது. முடிவு எங்களுக்கு வந்து சேர்வதற்குள் பல சமயம் ராஜாவே போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஒரு முறை சின்னப் பையன் ஒருவன் ராஜாவானான். பால்பல் விழாத வயசு. எனக்குச் சந்தேகம் வந்து எங்கள் அக்கசாலைத் தலைவர் குஷ்னஸ்ப்பிடம் போனேன். குஷ்னஸ்ப் நல்ல பருமன். எந்த ராஜா வந்தாலும் முதல் ஆளாக அழுது வரவேற்பார், முதல் ஆளாகச் சிரித்து வழியனுப்புவார்.

"ஐயா, தாடி வெட்டணுமா, வேணாமா?"

"ராஜான்னா தாடி உண்டு."

"பையனுக்குத் தாடி இல்லீங்களே."

"வயசு அப்புறமா வரும். தாடி இப்பவே இருக்கட்டும். நீ வெட்டுறது அந்தப் பையனையா? பதவியை. பதவிக்கு எந்தக் காலத்திலயும் தாடி உண்டு."

வெட்டினேன். பையனுக்குத் தாடி வருகிற வயசு வரவில்லை. அதை நினைத்து வீட்டில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். என் மனைவி தேனாக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அழறதுன்னா கதவைச் சாத்திக்கிட்டு அழுங்க. யாருக்காக அழறீங்கன்னு தெரிஞ்சா அதுக்கும் ஒரு தண்டனை வெச்சிருப்பாங்க" என்றாள்.

அந்தப் பையனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவர் ஒரு படைத்தலைவர். ராஜ ரத்தம் இல்லாதவர். என் கதை அவரால்தான் இந்தக் கதியாயிற்று.

அவருடைய மகுடப் படத்தோடு குதிரைக்காரன் வந்தான், இரவும் பகலும் ஓட்டி வந்ததில் குதிரை வாசலிலேயே படுத்துவிட்டது. படத்தில் இரண்டு சிறகு, நடுவில் ஆறு முனை நட்சத்திரம். குஷ்னஸ்ப் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, கண்ணில் நீர் தளும்பப் பேசினார்: "ராஜ வம்சத்துல பொறந்துட்டு ராஜாவாகறது என்ன பெரிய விஷயம்? பொறக்காமலே ஆயிருக்காரே, அதுதான் தெய்வ அருள். இந்த நாளுக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். போன மாசமும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஆனா அது வேற காத்திருப்பு."

அச்சு வெட்டினேன். தலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல "மகிமை பெருகுக" என்ற எழுத்து. பின்பக்கம் வழக்கம்போல "ஆண்டு ஒன்று". சொன்னால் நம்பமாட்டீர்கள், "இரண்டு" என்பதை எப்படி எழுதுவது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கைப்பிடிக் காசு அடித்தார்கள். ஒவ்வொரு ராஜாவின் முதல் காசும் நெருப்புக் கோயிலுக்குப் போகும், அது முறை. கோயில் தலைவர் மோபத் மாஹாதூர், மூச்சு பட்டு நெருப்பு தீட்டாகாமல் இருக்க வெள்ளைத் துணியால் வாயை மூடிக்கொண்டு, மந்திரம் முணுமுணுத்து, அந்தக் காசை நெருப்புப் பீடத்துக்கு அடியில் உள்ள கல் மாடத்தில் வைத்தார். நெருப்புக்குக் கொடுத்ததை நெருப்பிடமிருந்து திருப்பி வாங்கக் கூடாது.

குதிரை எழுந்து புல் தின்னத் தொடங்கிய நேரத்தில் இரண்டாவது குதிரைக்காரன் வந்தான். படைத்தலைவரை அவருடைய காவலர்களே குத்திவிட்டார்களாம். அதுவாவது பழகிய செய்தி. அவன் கொண்டுவந்த உத்தரவுதான் புதிது. அவர் ராஜாவாக இருந்ததே கிடையாது. அவர் காசை ஒன்றுகூட மிச்சமில்லாமல் உருக்க வேண்டும். ஒரு காசு தப்பினாலும் பொறுப்பானவன் கை தப்பாது.

குஷ்னஸ்ப் மறுபடி எங்களை முற்றத்தில் கூட்டினார். "ராஜ ரத்தமே இல்லாத ஒரு ஆள்" என்று ஆரம்பித்துக் குரல் உடைந்து நின்றுவிட்டார். பிறகு காசுகளை அள்ளி உலையில் போட்டோம். எடை பார்த்தபோது ஒரு காசு குறைந்தது.

"அது கோயில்ல இருக்குங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான், பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

எல்லோரும் கோயிலுக்குப் போனோம். மோபத் மாஹாதூர் உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் பேசும்போது நமக்கு ஏதோ பாவம் செய்த நினைவு வரும்.

"நெருப்புக்குக் கொடுத்ததை எடுக்கிறது மகா பாவம்" என்றார்.

"உருக்காம விட்டா ராஜத் துரோகம் ஆச்சே" என்றார் குஷ்னஸ்ப்.

"அப்படின்னா இங்கயே நெருப்புல போட்டு உருக்கலாமான்னு கேப்பே. உலோகத்தைப் போட்டு நெருப்பைத் தீட்டுப்படுத்துறது அதைவிடப் பாவம். அதுக்குக் கை இல்லை, தலை."

"அப்போ என்ன செய்யறதுங்க?" என்று கேட்டார் குஷ்னஸ்ப்.

"எடுக்கவும் கூடாது, இருக்கவும் கூடாது. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் சட்டம்னு ஒண்ணு இருக்கு. யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

இருவரும் ஒரே நேரத்தில் என் வலது கையைப் பார்த்தார்கள். நான் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அடுத்த மகுடப் படம் வந்துவிட்டது. இந்த முறை அரசி. அச்சு வெட்ட என் கை தேவைப்பட்டதால் விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். மாமனாரின் தாடியை எடுத்துவிட்டு, தோளில் முத்துச் சரம் விட்டு வெட்டினேன். மூக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை. அரசியும் போனார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர், இன்னார் என்று கேட்பதற்குள் வேறொருவர். ஒவ்வொரு முறையும் குஷ்னஸ்ப் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் காசு முடியட்டும், அப்புறம் உன் கையைக் கவனிக்கிறோம்" என்பார். பல்வலிக்கு மருந்து தருவதாகச் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

இதிலே எனக்குள் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. ராஜா நீடூழி வாழ்க என்று எல்லோரும் கத்தும்போது நானும் கத்துவேன். வீட்டுக்கு வந்ததும் தீஸ்பூன் பக்கம் காது வைத்துக் குதிரைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். ஒரு ராஜா நிலைத்தால் என் கை போகும். ஒரு ராஜா போனால் என் கை இன்னும் சில நாள் நிற்கும். ராஜா சாக வேண்டும் என்று நினைப்பதற்குக் கையோடு விடமாட்டார்கள் என்று தெரியும். அதனால் நினைக்கவும் பயந்து, நினைக்காமல் இருக்கவும் முடியாமல் தூக்கம் கெட்டேன்.

"வலது கையில தலை வெச்சுப் படுக்காதீங்க" என்பாள் தேனாக். "மரத்துப் போகுது, காலையில பாத்து நீங்களே போயிடுச்சுன்னு அலறுறீங்க."

கடைசியில் ஒரு சின்ன ராஜா வந்தார், பெரிய ராஜாவின் பேரன். மகுடப் படம் வந்தது, வெட்டினேன், அடித்தார்கள். குதிரைச் சத்தம் இல்லை. கோடை போனது, மாதுளை பழுத்தது, மலையில் பனி விழுந்து உருகியது. குதிரைச் சத்தம் இல்லை. வசந்தத்தில் புத்தாண்டு வந்தது. குஷ்னஸ்ப் என் பட்டறைக்கு அவரே நடந்து வந்தார். நடந்து வருகிறவர் அல்ல.

"பர்ஸீன், நல்ல செய்தி. ஆண்டு ரெண்டு வெட்டு."

என் வாழ்நாளில் அதைப் போல ஒரு சொல் என்னை நடுங்க வைத்ததில்லை. வாசலில் நர்ஸே ஒரு மாதுளையை எடுத்து என்னிடம் நீட்டினார், காசு வாங்கவில்லை. அதைப் பார்த்ததும் பயம் இன்னும் அதிகமானது.

விசாரணை கோயில் முற்றத்தில் நடந்தது. எங்கள் ஊரில் நீதிபதியும் மோபத்தான். மாஹாதூர் நீதிபதியின் மணையில் உட்கார்ந்தார். குஷ்னஸ்ப் பக்கத்தில் நின்றார்.

"நீ வெட்டின அந்த ஆள் ராஜாவா?" என்று கேட்டார் மோபத்.

"ராஜான்னு சொல்லித்தான் படம் வந்துச்சுங்க."

"படத்தைக் கேக்கல. ராஜாவா?"

குஷ்னஸ்ப்பைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"ராஜாதாங்க."

"ராஜாவா இருந்ததே இல்லைன்னு உத்தரவு இருக்கு. உத்தரவை மறுக்கிறே. ராஜத் துரோகம். வலது கை."

"இல்லீங்க, இல்லீங்க. ராஜா இல்லீங்க."

"ராஜா இல்லாத ஒருத்தன் மூஞ்சியைக் காசுல வெட்டினா அதுக்குப் பேரு கள்ளக்காசு. வலது கை."

"ஐயா, எனக்கு இருக்கிறது ஒரே ஒரு வலது கைதாங்களே."

"அதனாலதான் ரெண்டு குத்தத்துக்கும் சேத்து ஒண்ணு" என்றார் குஷ்னஸ்ப். "சட்டம் எவ்வளவு கருணையோட இருக்கு பாரு. நானா இருந்தா இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன்."

கூட்டத்திலிருந்து தேனாக்கின் குரல் கேட்டது. "வெட்டச் சொல்லி உத்தரவு போட்டது யாரு? இந்த ஐயாதானே?"

குஷ்னஸ்ப் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "அம்மா, நான் தலைவன். உத்தரவு போடறது என் வேலை. கீழ்ப்படியறது அவன் வேலை. குத்தம் நடந்தது கீழ்ப்படிஞ்ச இடத்துல. நான் அன்னிக்கு முழுக்க முற்றத்துல அழுதுக்கிட்டிருந்தேன், ஊரே சாட்சி."

கத்தியைக் கொண்டுவந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன் என்பதுகூட எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது மோபத் கையை உயர்த்தினார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு. கள்ளக்காசு வழக்குன்னா அந்தக் காசை நீதிபதி கண்ணால பாத்தாகணும். கோயில் தலைவர்கிட்ட அனுமதி கேக்கணும்."

கோயில் தலைவரும் அவர்தான். நீதிபதியின் மணையிலிருந்து எழுந்து, எதிரே இருந்த கோயில் தலைவரின் மணையில் போய் உட்கார்ந்தார். கொஞ்சம் கண்ணை மூடினார். "நெருப்புக்குக் கொடுத்தது நெருப்போடது. தர முடியாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். திரும்ப எழுந்து வந்து நீதிபதியாக உட்கார்ந்தார். அவர் முகத்தில் உண்மையான ஏமாற்றம் தெரிந்தது.

"மறுத்துட்டாரு" என்றார் குஷ்னஸ்ப்பிடம்.

"இன்னொரு தரம் கேட்டுப் பாருங்களேன்."

"அவரு ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். எனக்குத் தெரியும்."

தீர்ப்பு சொன்னார்: காசு நெருப்பின் காவலில் இருக்கும்வரை தண்டனை நிற்கும். நெருப்பு அணைந்தால் காவல் முடிந்தது. அணைந்த மறுகணம் காசை எடுத்துப் பார்த்து, என் வலது கையை வெட்ட வேண்டும்.

கூட்டம் மோபத்தின் நீதியை மெச்சியது. எங்கள் ஊர் நெருப்பு பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அணையாத நெருப்பு. "அப்புறம் என்ன, உன் கை உன் கொள்ளுப்பேரன் காலம் வரைக்கும் பத்திரம்" என்று பக்கத்து வீட்டுக்காரன் முதுகில் தட்டினான். நான் அவனோடு சேர்ந்து சிரித்தேன். வீடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்தது. நெருப்புக் கோயில் கூரையில் ஒரு கல் பெயர்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், சிரிப்பு போய்விட்டது.

அன்றிலிருந்து என்னைப் போன்ற பக்தன் பார்ஸ் நாட்டில் கிடையாது. விடிந்ததும் மலைக்குப் போய்க் காய்ந்த கட்டையாகப் பார்த்துச் சுமந்து வந்து கோயிலில் போடுவேன். கூரைக் கல்லை நானே ஏறிச் சரிசெய்தேன். காற்றடித்தால் போய்ப் பார்ப்பேன். காற்று அடிக்காவிட்டாலும் போய்ப் பார்ப்பேன். வழிபட வந்தவர்கள் என்னைக் காட்டி, இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

மோபத் மாஹாதூருக்கு என் பக்தி பிடித்திருந்தது. கட்டையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "லேசா ஈரம் இருக்கிற மாதிரி இருக்கே, பர்ஸீன். ஈரக் கட்டை போட்டா நெருப்பு சுணங்கும். எனக்கு ஒண்ணுமில்லை, உன் கைக்காகச் சொல்றேன்" என்பார். நான் கூடுதலாக ஒரு சுமை கொண்டுவருவேன். "முன்னெல்லாம் கோயில் விறகுக்கு நானே வீடு வீடா அலையணும்" என்று ஒரு நாள் என்னிடமே மனம் விட்டுச் சொன்னார். "பக்தியை நம்பி ஒரு கோயிலை நடத்த முடியாதப்பா. பக்தி வரும், போகும். பயம்தான் வேளைக்கு வரும். ஊர்ல உன்னை மாதிரி நாலு பேர் மேல தீர்ப்பு இருந்தா எண்ணெய், நெய், மாவு எல்லாத்துக்கும் வழி பண்ணிடலாம்." அதற்கடுத்த மாதம் எண்ணெய் வியாபாரி ஒருவன் மேல் வழக்கு வந்ததாகக் கேள்வி.

இப்படி வருஷங்கள் போயின. அச்சில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, நான் மறந்திருந்த எண்களையெல்லாம் திரும்பக் கற்றுக்கொண்டேன். அப்புறம் மேற்கிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. பாலைவனத்திலிருந்து கிளம்பிய ஒரு புதுப் படையிடம் தீஸ்பூன் விழுந்ததாம். ராஜா கிழக்கே போகிறாராம். மகுட நிர்ணயச் சபை தன் பெட்டிகளோடு அவருக்கும் முன்னால் போய்விட்டதாம். புதிய படை எங்கள் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று சொன்ன அன்று குஷ்னஸ்ப் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்.

"கடைசி மூச்சு இருக்கிற வரைக்கும் இந்த அக்கசாலையை விட்டு ஒருத்தரும் நகரக் கூடாது" என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே பின்னால் அவருடைய கோவேறு கழுதைகளில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. பேச்சை முடித்துவிட்டு அவர் கழுதைமேல் ஏறியதும், நாங்கள் வழிவிட்டோம்.

ஊர் காலியானது. நான் விறகுச் சுமையோடு கோயிலுக்கு ஓடினேன். மோபத் ஒரு மண் சட்டியில் நெருப்பிலிருந்து கங்குகளை எடுத்துச் சாம்பல் போர்த்திக்கொண்டிருந்தார்.

"நெருப்பை எங்க கொண்டு போறீங்க, ஐயா?"

"பத்திரமான இடத்துக்கு. மலைக்கு அந்தப் பக்கம்."

பீடத்தைப் பார்த்தேன். அங்கேயும் எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, தீர்ப்புல சொன்ன நெருப்பு எதுங்க? நீங்க எடுத்துக்கிட்டுப் போறதா, இங்க இருக்கிறதா?"

மோபத் நின்றார். கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது, முகத்திலேயே தெரிந்தது. வெளியே ஊரே ஓடுகிறது, அவர் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நல்ல கேள்வி. நெருப்பு ஒண்ணுதான். அது ரெண்டு இடத்துல இருக்கு. எது அணைஞ்சாலும் அணைஞ்சதுதான்."

"ரெண்டையும் நான் எப்படிங்க பாத்துக்கிறது?"

"இதை நான் பாத்துக்கிறேன். வழியில மழை வராம வேண்டிக்கோ. அதை நீ பாத்துக்கோ." போகிற போக்கில் திரும்பி, "கட்டை காஞ்சதா பாத்துப் போடு" என்றார்.

வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நெருப்பின் முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே வரக்கூட எனக்கு உரிமை கிடையாது. அதற்கு என்ன தண்டனை என்று யோசிக்கப் பயந்து யோசிக்காமல் விட்டேன். தெருவில் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. வாசலில் நிழல் விழுந்தது. தேனாக்தான். கழுதையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"கிளம்புங்க."

"நெருப்பு?"

"எரியற வரைக்கும் எரியும். வெட்டச் சொன்னவரு போயிட்டாரு. தீர்ப்பு சொன்னவரு போயிட்டாரு. கத்தி வெச்சிருந்தவன் கத்தியைப் போட்டுட்டு ஓடிட்டான், தெருவுல கெடக்கு. யாரு இருக்கா உங்க கையை வெட்ட?"

"ஆள் இல்லாட்டி என்ன. தீர்ப்பு இருக்கே."

"ஒரு காசுக்காகவா?" என்று முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பீடத்துக்கு அடியில் கையை விட்டாள். மாடத்தைத் துழாவிப் பழைய ராஜாக்களையெல்லாம் அள்ளி வெளிச்சத்தில் வைத்தாள். ஆறு முனை நட்சத்திரத்தைத் தேடி எடுத்தாள். "இதைக் கொண்டுபோய் ஆத்துல வீசிட்டு வர்றேன். நீங்களும் உங்க..."

அவள் பேச்சு நின்றது. காசை நெருப்புப் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். அரசியை எடுத்துப் பார்த்தாள்.

"எங்கப்பா" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாத்திலயும் எங்கப்பா."

"வேற மூஞ்சி ஞாபகம் வரலை, தேனாக். பயத்துல இருந்தேன்."

அவள் அப்பா கொள்ளைநோயில் போனவர். எங்களை ஊர் எல்லைக்குக்கூடப் போய்ப் பார்க்க விடவில்லை. தேனாக் தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அந்தக் காசைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கட்டையை இப்படித் தாங்க. நீங்க போடற விதத்துல புகையுது" என்றாள்.

அதனால் நாங்கள் போகவில்லை. எங்களைத் தவிர ஊரில் மிஞ்சியவர் நர்ஸே மட்டும்தான். அக்கசாலை வாசலில் பழக்கூடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் எதுக்கு ஓடணும்?" என்றார். "எடுக்கிறதுக்கு எங்கிட்ட இன்னொரு வலது கை இல்லையே."

படை வந்தது, தங்கியது, ஆளை வைத்துவிட்டு மேலே போனது. எங்களை ஒன்றும் செய்யவில்லை. வரி கட்டிவிட்டு அவரவர் பாட்டைப் பார்க்கலாம் என்று தண்டோரா போட்டார்கள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் மலைக்குப் போய் விறகு கொண்டுவந்தேன். ஒரு நாள் விறகுச் சுமையோடு வரும்போது அக்கசாலைக் கதவு திறந்திருந்தது. உள்ளே முற்றத்தில் புதுத் தலைப்பாகை கட்டிய பருமனான ஒருவர் கண்ணில் நீர் தளும்ப நின்றுகொண்டிருந்தார்.

"இந்த நாளுக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் குஷ்னஸ்ப்.

புது ஆட்சியிலும் அவர்தான் தலைவர். புதியவர்களுக்குக் காசு வேண்டும், காசு அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். பழைய காசையே அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மக்கள் பழகிய காசைத்தான் வாங்குவார்கள். ஓரத்தில் அவர்கள் எழுத்து ஒரு வரி சேர்த்தால் போதும்.

"மகுடம் எதுங்க, ஐயா?"

"பெரிய ராஜாவோடது."

"அவரு போயி எத்தனையோ காலமாச்சுங்களே."

"அதனாலதான். இனிமே அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது."

"மூஞ்சி?"

"பழைய மூஞ்சியே இருக்கட்டும். நல்ல முகம். எல்லா ராஜாவுக்கும் பொருத்தமா இருந்துச்சு." போகத் திரும்பியவர் நின்றார். குரலைத் தாழ்த்தி, பல்வலிக்கு மருந்து தருகிற பழைய குரலில் கேட்டார்: "நெருப்பு எரியுதா?"

"எரியுதுங்க."

"பாத்துக்கோ. மோபத் வந்துக்கிட்டிருக்காராம். நிலுவையில இருக்கிற தீர்ப்பெல்லாம் அப்படியே செல்லும்னு புதுசா வந்தவங்ககிட்டச் சொல்லி வாங்கிட்டேன். சட்டம் தொடர்ச்சியா இருக்கணுமில்ல."

தேனாக் அன்று ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு, என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து அச்சு வெட்டினேன். முன்பக்கம் மகுடம், மூக்கு. பின்பக்கம் பீடம், காவல் நிற்கிற இரண்டு பேர், நடுவில் நெருப்பு. கை உதறியது. உதறிக்கொண்டே சுடரை வழக்கத்தைவிட உயரமாக வெட்டிவிட்டேன். வெள்ளியிலாவது அது அணையாது என்று தோன்றியது. அதற்குப் பிறகு வெட்டுகிற அச்சிலெல்லாம் சுடரை உயரமாகவே வைத்தேன்.

குஷ்னஸ்ப் முதல் காசை விரலில் திருப்பிப் பார்த்தார். "நெருப்பு கொஞ்சம் பெருசா எரியற மாதிரி இருக்கே" என்றார்.

"கட்டை காஞ்ச கட்டைங்க" என்றேன்.